கடலில் இறங்கும் முன் கழிவுநீர்த் தொட்டியைப் பாருங்கள்

ரிசார்ட்டுகளில் டைவ் வழிகாட்டியாகப் பல வருஷம் வேலை பார்த்தவன் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பவளப்பாறையைக் கெடுக்காத ரிசார்ட் எதுன்னு சொல்லுங்க, அங்கேயே ரூம் போட்டுடறோம்." கேட்பவர் கையில் ஏற்கெனவே நாலைந்து பெயர்கள் இருக்கும். எல்லா ரிசார்ட்டின் விளம்பரத்திலும் ஓர் ஆமை நீந்தும். யாராவது ஒருவர் கம்பிச் சட்டத்தில் பவளத் துண்டைக் கட்டிக்கொண்டிருப்பார். இயற்கையோடு இயைந்த வாழ்வு பற்றி நாலு வரி இருக்கும். இதை மட்டும் வைத்து நல்லது கெட்டது பிரிக்க என்னாலும் முடியாது.

அதனால் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்து, அதை ரிசார்ட்டுக்கு எழுதிக் கேட்கச் சொல்கிறேன்: "உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது?"

கேட்டவர் முகம் கோணும். நீலக் கடலைப் பற்றிப் பேச வந்தவரிடம் கக்கூஸ் தண்ணீரைப் பற்றிப் பேசினால் வேறென்ன ஆகும். ஆனால் பவளப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறதென்றால் முதல் ஆபத்து அங்கிருந்துதான் வருகிறது. பவளம் வாழும் கடல் சத்தில்லாத கடல். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கே அதுதான் காரணம். மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதில் மிகக் குறைவு. அந்த வறுமையில் வாழப் பழகியது பவளம். அதன் சதைக்குள்ளேயே நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் சர்க்கரை தயாரித்து, அதற்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைக்கும் கொடுக்கின்றன. வெளியிலிருந்து சத்து வந்தால் பவளத்துக்கு லாபமில்லை. கடற்பாசிக்குத்தான் லாபம். பாசி வேகமாக வளரும், பவளத்தின்மேல் ஏறி வெயிலை மறைக்கும், புதுப் பவளக் குஞ்சுகள் ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சமையலறை, சலவை, குளியலறை, புல்வெளிக்குப் போடும் உரம், எல்லாமே சத்துதான். மணல் தீவில் குழி வெட்டி உள்ளே விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நின்றுவிடாது. பவள மணலும் சுண்ணாம்புப் பாறையும் சல்லடைதான். தண்ணீர் கசிந்து ரிசார்ட்டுக்கு முன்னாலிருக்கிற காயலுக்கே போய்ச்சேரும். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று பதில் வந்தாலும் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: நைட்ரஜனை எடுக்கிறீர்களா? சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கையும் நாற்றத்தையும் போக்கும்; அதற்கென்று தனிக் கட்டம் வைக்காவிட்டால் நைட்ரஜனில் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும். இந்தக் கேள்விக்கு முன்பதிவுப் பிரிவில் இருப்பவருக்குப் பதில் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் அதை யாரிடம் அனுப்புகிறார், அங்கிருந்து என்ன திரும்பி வருகிறது என்பதுதான் விஷயம்.

ரிசார்ட்டின் கடற்கரையையும் கொஞ்சம் கவனியுங்கள். மணல் அரிக்கிறது என்று கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு. விருந்தாளிக்கு அகலமான வெண்மணல் கிடைக்கும். அந்தக் குழாயிலிருந்து கிளம்பும் வண்டல் மேகம் எங்கே படிகிறது என்பதை நாங்கள் டைவ் போகும்போது பார்ப்போம். பவளம் தன்மேல் விழும் தூசியைச் சளி சுரந்து தள்ளிவிடும்; அதற்கு ஆற்றல் செலவாகும்; தினமும் தள்ளிக்கொண்டே இருந்தால் வளர்வதற்கு மிச்சமில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

ஒரு டைவ் மையம் நல்லதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஒரு பொருள் போதும்: ஈயக்கட்டி. தண்ணீருக்குள் இறங்க இடுப்பில் கட்டிக்கொள்கிறோமே, அது. எவ்வளவு கட்டுகிறார்கள், யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள்.

தேவைக்கு மேல் ஈயம் கட்டிய ஆள் மூழ்கிவிடாமல் இருக்க பிசிடி என்கிற காற்றுச் சட்டையில் காற்றை நிரப்பிக்கொள்வார். காற்று மார்புப் பக்கம் மேலே தூக்கும், ஈயம் இடுப்பைக் கீழே இழுக்கும். உடம்பு சாய்ந்து, தலை மேலும் கால் கீழுமாக நிற்கும். அந்த நிலையில் ஒவ்வோர் உதையும் நேராகக் கீழே போகும். கீழே என்ன இருக்கிறது? பவளம். அவர் எதையும் தொட நினைக்கவே இல்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. காலில் மாட்டிய ஃபின் துடுப்பின் நுனியில் ஒரு கிளை முறிந்தது அவருக்குத் தெரியவும் தெரியாது. பவளத்தில் டைவர்கள் படும் இடங்களைக் கணக்கெடுத்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் கையைவிட ஃபின்தான் முன்னால் நிற்கிறது.

சரியான எடை எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. டைவ் முடியும்போது, முதுகில் மாட்டிய காற்றுத் தொட்டியில் 50 பார் (பார் என்பது அழுத்த அளவு) காற்று மிச்சமிருக்க, பிசிடியைக் காலியாக்கிவிட்டு 5 மீட்டர் ஆழத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்க முடிந்தால் எடை சரி. ஏன் முடிவில் பார்க்க வேண்டும் என்றால், காற்றுக்கும் எடை உண்டு. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அலுமினியத் தொட்டியில் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்துவிடும். அந்த இரண்டு கிலோவுக்குத்தான் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறோம். அதற்கு மேல் கட்டுவதற்குக் காரணமே இல்லை.

காரணம் இல்லாமலும் இல்லை. படகில் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், நீரோட்டம் மாறுவதற்குள் இறங்க வேண்டும், ஒருவர் பயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலேயே மிதப்பார். "ரெண்டு கிலோ கூடப் போட்டு விடுப்பா, இறங்கிடுவார்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சுலபம். எல்லாரும் சேர்ந்து இறங்கிவிடலாம், அடுத்த படகுக்கு நேரத்தோடு திரும்பிவிடலாம். அவசரப்படும் மையத்தில் ஈயம் கூடும். முதல் நாள் கரையோரத்தில் ஒரு சோதனை டைவ் வைத்து, எடை பார்த்து, குறித்துவைத்துக்கொள்ளும் மையம் ஒரு காலை வருமானத்தை விட்டுக்கொடுக்கிறது. கரீபியனில் போனேர் தீவு இதைச் சட்டத்தோடேயே சேர்த்துவிட்டது. அங்கே கடல் பூங்கா 1979-ல் தொடங்கியது; வந்து இறங்கும் டைவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் முதலில் விளக்கக் கூட்டமும் அறிமுக டைவும் முடித்தாக வேண்டும். கையுறைக்கும் தடை. கையுறை இல்லாவிட்டால் யாரும் எதையும் பிடிக்கத் துணிவதில்லை. எவ்வளவு எளிய யோசனை!

விருந்தாளிகளிடம் எடையைக் குறைக்கச் சொல்வதற்கு எனக்கென்று ஒரு வழி உண்டு. பவளத்துக்காக என்று சொல்லவே மாட்டேன்.

"நமக்கு எப்பவும் பத்து கிலோப்பா."

"சரி சார். இந்த மூணு மில்லிமீட்டர் சூட்டுக்கு இன்னைக்கு ஏழு வெச்சுப் பாத்துடலாம். தேவைப்பட்டா எங்கிட்ட ரெண்டு கிலோ இருக்கு, கீழேயே தர்றேன்."

"எதுக்கு வம்பு?"

"காத்து ஜாஸ்தி நேரம் வரும் சார்."

இதற்கு மறுப்பே வராது. உண்மையும் அதுதான்: எடை குறைந்தால் உடம்பு நேராகப் படுக்கும், தண்ணீரின் எதிர்ப்பு குறையும், மூச்சு வாங்குவது குறையும், காற்று மிஞ்சும். மனைவியைவிட பத்து நிமிஷம் முன்னாடியே மேலே வந்துகொண்டிருந்தவர் அன்றைக்குச் சேர்ந்து வருவார். படகில் ஏறியதும் என் தோளில் தட்டுவார். பவளத்தைக் காப்பாற்றியது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

சொற்பொழிவில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. செயின்ட் லூசியாவில் டைவர்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்த்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2004-ல் வெளிவந்தது. படகில் "பவளத்தைத் தொடாதீர்கள்" என்று ஒரு வரி சொல்லி அனுப்பினால் தொடுவது குறையவில்லை. தண்ணீருக்குள் வழிகாட்டி தலையிட்டுத் திருத்தியபோதுதான் குறைந்தது. கேமரா வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தொட்டார்கள். இது எதுவும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் யாரோ எண்ணிப் பார்த்துச் சொன்னது எங்களுக்கு உதவியது. முதலாளியிடம் "ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர் அதிகம், நாலு போதும்" என்று வாதாடும்போது காட்டுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருந்தது.

தலையிடுவது எளிது என்று நினைக்காதீர்கள். பெரிய கேமராக்காரர் ஒருவர் மேசைப் பவளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே ஒளிந்திருந்த இறாலைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மேசைப் பவளம் என்றால் தட்டை விரித்தது போலக் கிடைவாக்கில் வளர்வது. அந்த அகலம் வர பத்திருபது வருஷம் பிடித்திருக்கும். நான் மெதுவாக அவர் தொட்டியின் கழுத்தைப் பிடித்து ஒரு சாண் மேலே தூக்கினேன். படம் கலைந்தது. படகில் ஏறியதும் மற்றவர்கள் முன்னால், "நான் யார்னு தெரியுமா, எத்தனை வருஷமா டைவ் பண்றேன் தெரியுமா" என்று தொடங்கினார். மாலையில் மேலாளரிடம் புகார் போனது.

இந்த இடத்தில்தான் ஒரு ரிசார்ட்டின் தரம் தெரியும் என்பேன். மேலாளர் என்னை அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்கிற இடத்திலும் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மேலாளர் கேமராக்காரரிடமே போய், "சார், அவரை நாங்க அதுக்குத்தான் வெச்சிருக்கோம்" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மற்ற வழிகாட்டிகளும் கீழே தயங்காமல் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். டிப்ஸை நம்பிச் சம்பளம் போடும் ரிசார்ட்டில் இது நடக்காது. விருந்தாளியின் கையைத் தட்டிவிட்டவனுக்கு யார் டிப்ஸ் கொடுப்பார்கள்? வழிகாட்டிக்கு நிலையான சம்பளம் உண்டா என்பதையும் நான் பவளப் பாதுகாப்புக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ஒரு டைவ் தளம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு 1990-களில் ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள்: வருஷத்துக்கு 5,000 முதல் 6,000 டைவ். அதைத் தாண்டினால் சேதம் வேகமாகக் கூடுகிறது என்றார்கள். இடத்துக்கு இடம் மாறும், யார் டைவ் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். ஆனாலும் வகுத்துப் பாருங்கள். 6,000 என்றால் நாளைக்குப் பதினாறு பேர். ஒரே ஒரு படகு! பெயர்பெற்ற தளங்களில் காலை ஒன்பது மணிக்கே மூன்று படகு நிற்கும்.

மலேசியாவின் சிபடான் தீவில் இப்படி ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதைத் துணிந்து செய்தார்கள். 2004-ல் தீவின் மேலிருந்த ரிசார்ட்டுகள் எல்லாவற்றையும் வெளியேறச் சொன்னார்கள். பிறகு வெகுகாலம் நாளைக்கு 120 பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடாவைச் சீட்டு வைத்துச் சமாளிக்க முடியவில்லை. நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்துபோன இடம் அது. 2018 ஜூனில் அடியோடு மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வர முடியாது, தீவின் பின்பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். மூடியிருந்த காலத்திலேயே கருந்துடுப்புச் சுறாக்கள் ஆழமில்லாத கரைக்குத் திரும்பி வந்துவிட்டன.

நங்கூரம் பற்றிச் சொல்லாமல் விட்டால் படகோட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். நங்கூரம் விழும் இடம் சேதம் என்பது எல்லாருக்கும் புரியும். அதன் சங்கிலிதான் உண்மையான வில்லன். காற்று திரும்பத் திரும்பப் படகு வட்டமடிக்கும், சங்கிலியும் தரையைத் துடைத்துக்கொண்டே கூடப் போகும். பாறையில் துளை போட்டு, எஃகு வளையத்தைச் சிமென்டில் பதித்து, அதிலிருந்து கயிறும் மிதவையும் கட்டும் முறையை ஜான் ஹலாஸ் என்ற கடலியலாளர் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் 1980-களின் தொடக்கத்தில் செய்து காட்டினார். இன்று உலகம் முழுக்க அதுதான். ஆனால் மிதவை போட்டதோடு வேலை முடியவில்லை. கயிறு தேயும், சிப்பி ஒட்டும், இணைப்பு வளையம் துருப்பிடிக்கும். மாதாமாதம் யாராவது இறங்கிச் சுரண்டி, பார்த்து, மாற்ற வேண்டும். இதைப் படமெடுத்துப் போட்டால் ஒருவரும் லைக் போட மாட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு படகில் மூத்த படகோட்டி ஒருவர் இருந்தார். மிதவை இல்லாத தளத்தில் நங்கூரம் போடச் சொன்னால், "தம்பி, நீங்க இறங்குங்க, நான் எஞ்சினை ஓட்டிக்கிட்டே காத்திருக்கேன்" என்பார். எரிபொருள் கூடச் செலவாகிறது என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்கியதே இல்லை. அவருக்கு முன்னால் பவளம், சூழலியல் என்று ஒருவரும் பாடம் எடுத்ததில்லை. மீன் எங்கே முட்டையிடும் என்பது தெரியும், அது போதுமாக இருந்தது.

சன்ஸ்கிரீனைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்தவற்றை விற்பதை ஹவாய் 2018-ல் சட்டம் போட்டு 2021 முதல் தடுத்தது. பலாவ் 2020-ல் தடைசெய்தது. ஆய்வகத்தில் அவை பவளக் குஞ்சுகளைப் பாதிப்பது தெரிந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடமே பாதியாகிவிடும், அதைச் செய்யுங்கள். ஆனால் கழிவுநீரைக் கடலில் விட்டுக்கொண்டு வரவேற்பறையில் சன்ஸ்கிரீன் அட்டை வைத்திருக்கும் ரிசார்ட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

இப்போது அந்தக் கம்பிச் சட்டம். பவளம் நடுவது.

பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பது பொய் வேலை இல்லை. முறிந்து மணலில் கிடக்கும் துண்டு அப்படியே விட்டால் புரண்டு புரண்டு செத்துப்போகும். அதை எடுத்துச் சட்டத்தில் கட்டினால் பிழைக்கும். கப்பல் மோதி நொறுங்கிய இடத்தில், வெடிவைத்து மீன் பிடித்துச் சரளைக்கல்லாய்க் கிடக்கும் இடத்தில் சட்டங்கள் உண்மையிலேயே உதவுகின்றன. என் குறை வேறு. ரிசார்ட்டில் விருந்தாளி பெயர்ப்பலகை தொங்கவிட்டு நடுவது பெரும்பாலும் மான்கொம்புப் பவளம் மாதிரியான கிளைப் பவளம். வருஷத்துக்கு 10 சென்டிமீட்டர், சில சமயம் அதற்கு மேலும் வளரும். ஆறு மாதத்தில் மின்னஞ்சலில் படம் அனுப்பினால் பணம் கொடுத்தவர் மகிழ்ந்துபோவார். உருண்டையாக வளரும் போரைட்டீஸ் பவளம் வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அதில் என்ன படம் எடுப்பது? ஆனால் கடல் சூடானால் முதலில் சாவது அந்தக் கிளைப் பவளம். தாங்கி நிற்பவை பெரும்பாலும் உருண்டைகள். மேலும், ஒரே தாயிலிருந்து வெட்டிய துண்டுகள் எல்லாம் மரபளவில் ஒரே உயிர்தான். ஒன்றைக் கொல்லும் வெப்பமும் நோயும் எல்லாவற்றையும் கொல்லும்.

நல்ல எண்ணத்தோடு கடலில் எதையாவது போடுவது புதிதல்ல. 1972-ல் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேலுக்கு வெளியே செயற்கைப் பாறை என்று சொல்லி ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கொட்டினார்கள். கட்டு அறுந்து, டயர்கள் புயலில் உருண்டு, பக்கத்திலிருந்த உண்மையான பவளத்தை இடித்துத் தள்ளின. இன்னும் எடுத்து முடித்தபாடில்லை.

பவளப்பாறை தானாகத் திரும்பி வருவதற்கு ஒரு வழி இருக்கிறது, அது கம்பிச் சட்டத்தில் நடப்பதில்லை. வருஷத்தில் சில இரவுகளில், பௌர்ணமி கழிந்த சில நாளில், பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையும் விந்தும் கடலில் விடும். இளஞ்சிவப்பு மணிகள் மேல்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் மிதந்து திரிந்து, சுத்தமான கெட்டித் தரை தேடி இறங்கும். பாசி மூடிய பாறையில் ஒட்டாது. அந்தப் பாசியை மேய்ந்து தரையைச் சுத்தமாக வைத்திருப்பது கிளிமீன். பெலீஸ் 2009-ல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது. ஆகவே ரிசார்ட்டின் உணவுப் பட்டியலில் "இன்றைய பாறை மீன்" என்று இருந்தால், அது எந்த மீன் என்று கேளுங்கள். பகலில் பவளச் சட்டமும் இரவில் கிரில்லில் கிளிமீனும் வைத்திருக்கும் இடத்தை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு துறைக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் கடல் சூடாவதை ஒரு ரிசார்ட் தடுக்க முடியாது. இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நின்றால் போதும், பவளம் தன் சதைக்குள்ளிருக்கும் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறம் போய், வெள்ளை எலும்பு தெரியும். சூட்டையும் அது நீடிக்கும் வாரங்களையும் பெருக்கி கடலையும் வானிலையையும் கவனிக்கும் அமெரிக்காவின் நோவா அமைப்பு ஓர் அளவு வைத்திருக்கிறது: 4 வந்தால் வெளிறும், 8 வந்தால் கணிசமாகச் சாகும். 2023 முடிவில் அந்த எச்சரிக்கைப் பட்டியல் போதாமல் மேலும் மூன்று நிலைகளைச் சேர்க்க வேண்டிவந்தது. அடுத்த ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள்.

வெளிறும் சமயத்தில் டைவ் கூட்டிப் போவது போல சங்கடமான வேலை வேறில்லை. சில பவளங்கள் வெள்ளையாகும் முன் நிறம் கூடும். பாசி போனபின் வெயிலிலிருந்து தப்பிக்க ஒளிரும் நிறமிகளைச் சுரக்கும். ஊதா, மின்னும் நீலம், ரோஜா நிறம். படகில் ஏறிய ஒரு தம்பதி, "இவ்ளோ கலரா நாங்க எங்கேயுமே பார்த்ததில்லைங்க" என்றார்கள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, பார்த்தது என்ன என்று சொன்னேன். சொல்லக் கூடாது என்று எங்களுக்கு வாய்மொழி உத்தரவு இருந்தது, விடுமுறையைக் கெடுக்கக் கூடாதாம். அந்த அம்மா வெகுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். தாங்கள் பறந்து வந்த விமானத்துக்கும் இதில் பங்கு உண்டா என்று அவரே கேட்டார். உண்டு என்றேன். எனக்குச் சம்பளம் வருவதும் அந்த விமானத்தால்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சூட்டை நிறுத்த முடியாது, மற்ற சுமையைக் குறைக்க முடியும். வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. சில வாரத்தில் கடல் தணிந்தால் பாசிகள் திரும்பும், பிழைத்துக்கொள்ளும். அதுவரை பட்டினி. அந்த வாரங்களில் மணல் உறிஞ்சும் எந்திரத்தை நிறுத்தலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களைப் பவளம் இல்லாத மணல்வெளிக்கு மாற்றலாம். துண்டு வெட்டி நடுவதைத் தள்ளிப்போடலாம். தளத்தையே மூடலாம், 2010-ல் வெளிறிய பிறகு தாய்லாந்து 2011 தொடக்கத்தில் பல டைவ் தளங்களை அப்படி மூடியது. ஒரு ரிசார்ட்டிடம் கேட்பதற்கு இதுவும் நல்ல கேள்வி: கடல் சூடானால் நீங்கள் எதை நிறுத்துவீர்கள்?

முத்திரை இருந்தால் நம்பலாமா என்று கேட்பார்கள். கிரீன் ஃபின்ஸ் என்று ஒரு திட்டம் 2004-லிருந்து இருக்கிறது, ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் ரீஃப்-வேர்ல்ட் அறக்கட்டளையும் நடத்துவது. 15 விதிகள் வைத்து ஆளை அனுப்பி, படகில் ஏறி, கூடவே டைவ் செய்து மதிப்பிடுவார்கள். அதில் மதிப்பெண் குறைவாக வாங்கினால்தான் நல்லது, சேதத்துக்குத்தான் மதிப்பெண். தானாக அச்சடித்து ஒட்டிக்கொண்ட பச்சை இலையைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் டைவ் மையத்தைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். ரிசார்ட்டின் சமையலறைக் குழாய் எங்கே போகிறது என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

போன மாதம் ஒரு நண்பர் உண்மையாகவே கேட்டார். நாலு ரிசார்ட்டுக்கும் ஒரே மின்னஞ்சல்: கழிவுநீர், வழிகாட்டிக்கு எத்தனை பேர், மிதவையை யார் பராமரிக்கிறார்கள், சூடான வருஷத்தில் என்ன செய்தீர்கள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இரண்டிலிருந்து ஆமை போட்ட அதே விளம்பரம் திரும்ப வந்தது. நாலாவதிலிருந்து பொறியாளர் ஒருவர் எழுதியிருந்தார்: நைட்ரஜன் நீக்கும் கட்டம் போன வருஷம்தான் போட்டோம், இரண்டு முறை பழுதானது, பழுதான நாட்களில் தண்ணீரைத் தொட்டியில் தேக்கிவைத்தோம், கடந்த வெளிறலில் வாசலில் இருக்கும் பாறையில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஆகவே நீங்கள் எதிர்பார்க்கும் நிறங்கள் இங்கே இருக்காது, வந்து ஏமாற வேண்டாம். இணைப்பில் வெப்பநிலைப் பதிவுகள் வேறு.

நண்பர் அதை எனக்கு அனுப்பி, "பாதிப் பாறை போச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்களே, என்ன பண்றது?" என்று கேட்டிருந்தார். அங்கேயே போடுங்கள் என்று பதில் எழுதினேன். ஈயம் மட்டும் ஆறு கிலோவுக்கு மேல் கட்ட விடாதீர்கள் என்றும்.